மாயப்படச் சீட்டுக்கட்டு: கண்ணால் பார்த்ததைக் கையால் அளப்போம்

விளையாட்டுச் சாமான் கடைகளிலும் ஆன்லைனிலும் 'ஆப்டிகல் இல்யூஷன்' சீட்டுக்கட்டு என்று ஒன்று கிடைக்கிறது. நாம் ரம்மி ஆடும் அதே சீட்டுதான். 52 சீட்டு, கூடவே ஜோக்கர். இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் நாலும் உண்டு. மூலையில் எண்ணும் எழுத்தும் வழக்கம்போல இருக்கும். நடுவில் மட்டும் ராஜா, ராணி, ஜாக்கிக்குப் பதிலாக ஒவ்வொரு சீட்டிலும் கண்ணை ஏமாற்றும் ஒரு படம் இருக்கும். சம நீளக் கோடுகள் ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் தெரியும். நேர்க்கோடு சாய்ந்து தெரியும். ஒரே படம் ஒரு தடவை வாத்தாகவும் மறு தடவை முயலாகவும் தெரியும்.

கல்யாண மண்டபத்தில் முதல் நாள் ராத்திரி ஜமக்காளம் விரித்து உட்காரும் கூட்டத்துக்கு இந்தக் கட்டு லாயக்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டம் நகராது. ஆளாளுக்கு ஒரு சீட்டை வைத்துக்கொண்டு "இங்க பாரு" என்று நீட்டிக்கொண்டிருப்பார்கள். சீட்டு என்றாலே முகம் சுளிக்கும் வீடுகளிலும் இந்தக் கட்டைத் தைரியமாகக் குழந்தைகள் கையில் கொடுக்கலாம். இது பார்ப்பதைப் பற்றிய பாடம்.

மாயப்படங்கள் போனிலேயே எக்கச்சக்கமாகக் கிடக்கின்றன. அப்புறம் எதற்குச் சீட்டு? சீட்டைக் கையில் எடுக்கலாம், தலைகீழாகத் திருப்பலாம், சாய்த்துப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சீட்டின் விளிம்பை இன்னொரு சீட்டின் மேல் வைத்து அளக்கலாம். அளவுகோல் கட்டுக்குள்ளேயே இருக்கிறது. மாயப்படத்தின் சாரம் அந்த அளவில்தான் இருக்கிறது என்பது என் அழுத்தமான எண்ணம். பார்த்து "அட!" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறவருக்குப் பாதிதான் கிடைக்கிறது.

முதலில் முல்லர்-லையர் படம் உள்ள சீட்டைத் தேடி எடுங்கள். அநேகமாக எல்லாக் கட்டிலும் இருக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த பிரான்ஸ் கார்ல் முல்லர்-லையர் 1889-ல் வெளியிட்ட படம் அது. இரண்டு கோடுகள். ஒன்றின் இரு முனையிலும் அம்பு நுனி மாதிரிச் சிறகுகள் உள்பக்கமாக மடங்கியிருக்கும். மற்றொன்றில் அதே சிறகுகள் வெளிப்பக்கமாக விரிந்திருக்கும். விரிந்த கோடு நீளமாகத் தெரியும். இப்போது வேறொரு சீட்டின் விளிம்பை முதல் கோட்டோடு ஒட்டி வைத்து, இரண்டு முனை வரும் இடத்தையும் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதே விளிம்பை அடுத்த கோட்டுக்கு நகர்த்துங்கள். குறி இரண்டும் முனை இரண்டில் கச்சிதமாக உட்காரும்.

சரி, இரண்டும் சமம். இப்போது அளந்த சீட்டை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. அளந்தது நீங்கள்தான், சமம் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படித் தெரிந்தும் தோற்றம் ஒரு துளி மாறவில்லை. எழுத்துப்பிழை என்றால் தெரிந்ததும் திருத்திக்கொள்கிறோம், கணக்குப் பிழையும் அப்படித்தான். இது மட்டும் தெரிந்த பிறகும் அப்படியே நிற்கிறது. நமக்குள் 'தெரிந்துகொள்ளும்' வேலை ஒரு பக்கமும் 'பார்க்கும்' வேலை இன்னொரு பக்கமும் நடக்கிறது, முதலாவது சொல்வதை இரண்டாவது காதில் வாங்குவதில்லை என்பதற்கு இதைவிட எளிய ஆதாரம் எனக்குத் தெரியாது.

இதைக் கண்ணின் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. பார்வை நன்றாக உள்ளவர்களுக்குத்தான் இப்படித் தெரிகிறது. கண்ணின் பின்பக்கத்தில் விழித்திரை என்ற மெல்லிய படலம் இருக்கிறது. உலகத்தின் பிம்பம் அதன்மேல் தட்டையாக விழுகிறது. எது பக்கம், எது தூரம் என்பது அந்தப் பிம்பத்தில் நேராக எழுதப்பட்டிருக்காது. சின்னப் பொருள் பக்கத்தில் இருந்தாலும் பெரிய பொருள் தூரத்தில் இருந்தாலும் ஒரே அளவில்தான் விழும். ஆகவே மூளை கிடைத்த துப்புகளை வைத்து ஊகிக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பெரிய விஞ்ஞானி ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பார்ப்பது என்பதே நாம் அறியாமல் நடக்கும் ஓர் அனுமானம் என்றார். அந்த அனுமானம் பெரும்பாலும் சரியாக இருப்பதால்தான் நாம் தட்டுத் தடுமாறாமல் வரப்பில் நடக்கிறோம். எந்த இடத்தில் அது தவறுமோ அந்த இடத்தைத் தேடிப்பிடித்து வரைந்த படம்தான் மாயப்படம்.

அடுத்த சீட்டு பொன்சோ. இத்தாலிய உளவியலாளர் மரியோ பொன்சோ 1911-ல் விவரித்தது. மேலே போகப்போக நெருங்கும் இரண்டு சாய்கோடுகள், அவற்றுக்கு நடுவே படுக்கையாக இரண்டு சம நீளப் பட்டைகள். மேலே உள்ள பட்டை நீளமாகத் தெரியும். தஞ்சாவூர்–திருவாரூர் ரயில் பாதையில் ஏதாவது ஒரு கேட்டில் நின்று பாருங்கள். தண்டவாளம் இரண்டும் தூரத்தில் ஒட்டிக்கொள்வதுபோலத் தெரியும். நெருங்கும் கோடுகள் என்றால் தூரம் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. மேல் பட்டை தூரத்தில் இருக்கிறது, இருந்தும் கீழ்ப் பட்டை அளவுக்கே பிம்பம் விழுகிறது, அப்படியானால் அது பெரிதாகத்தான் இருக்க வேண்டும். கணக்கு சரிதான். படம் தட்டை என்பதை மட்டும் அது கணக்கில் சேர்க்கவில்லை. வேறு இரண்டு சீட்டுகளால் சாய்கோடுகளை மறைத்துவிட்டுப் பட்டைகளை மட்டும் பாருங்கள். வித்தியாசம் காணாமல் போகும்.

டெல்டாக்காரர்களுக்கு இதற்குச் சொந்தமான ஓர் உதாரணம் உண்டு. நம் ஊரில் மலை கிடையாது, மேடு கிடையாது. மன்னார்குடிப் பக்கம் வயலுக்கு நடுவில் நின்றால் வானம் எங்கே தரையைத் தொடுகிறதோ அதுவரை பார்வை தடையில்லாமல் போகும். பௌர்ணமி அன்று அங்கே எழும் நிலா பெரிய தாம்பாளம் அளவுக்குத் தெரியும். அதே நிலா நடு ராத்திரி உச்சிக்கு வந்ததும் சின்னதாகிவிடும். உண்மையில் நிலா இரண்டு நேரத்திலும் வானத்தில் ஏறக்குறைய அரை டிகிரி அகலத்தைத்தான் அடைக்கிறது. சொல்லப்போனால் அடிவானத்தில் இருக்கும்போது அது நமக்குக் கொஞ்சம் கூடுதல் தூரத்தில் இருப்பதால், பிம்பம் ஒரு நூலிழை சிறிது.

இதையும் சீட்டாலேயே அளக்கலாம். வீணாய்ப்போன ஒரு சீட்டில், ஆபீசில் காகிதம் கோக்கத் துளையிடும் பஞ்சால் ஒரு ஓட்டை போடுங்கள். ஓட்டை சுமார் 6 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, அந்த ஓட்டை வழியாக நிலாவைப் பாருங்கள். ஓட்டைக்குள் நிலா கிட்டத்தட்ட சரியாகப் பொருந்தும். அடிவானத்திலும் அதே பொருத்தம், உச்சியிலும் அதே பொருத்தம். வயலும் தென்னந்தோப்பும் மறைந்ததால், அடிவானத்து நிலா ஓட்டைக்குள் சுருங்கிவிட்டதுபோல இருக்கும். நிலா ஏன் இப்படித் தெரிகிறது என்பதில் எல்லா ஆய்வாளர்களும் ஒத்துப்போய்விடவில்லை. ஆனால் நடுவில் விரிந்து கிடக்கும் நிலப்பரப்பு கொடுக்கும் தூரத் துப்புக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

இந்த ஏமாற்றம் பிறவியிலேயே வருவதா, வளரும் ஊரைப் பொறுத்ததா? இந்தக் கேள்விக்கான ஆராய்ச்சியில் நம் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் இருக்கிறது. டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரிக்கு வந்து தோடர் பழங்குடியினரிடம் இந்தப் படங்களைக் காட்டிச் சோதித்தார். 1905-ல் முடிவுகளை வெளியிட்டார். முல்லர்-லையர் படத்தில் தோடர்கள் ஆங்கிலேயர்கள் அளவுக்கு ஏமாறவில்லை. பிற்பாடு 1960-களில் பல நாடுகளில் நடந்த ஒப்பீட்டிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் தெரிந்தது. சதுர அறை, நேர் மூலை, செங்கோணம் என்று வாழ்கிறவர்களுக்கு மூலைகளைத் தூரத் துப்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது, அதனால்தான் அதிகம் ஏமாறுகிறார்கள் என்று அப்போது விளக்கினார்கள். அரைவட்டமாக வளைந்த கூரை வீட்டில் வாழ்ந்த தோடர்களை நினைத்தால் விளக்கம் பொருத்தமாகத்தான் படும்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தில், பிறவியிலேயே கண்புரையோடு பார்வையின்றி வளர்ந்த இந்தியக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையால் பார்வை கொடுத்தார்கள். பார்வை கிடைத்த உடனேயே அந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பொன்சோவையும் முல்லர்-லையரையும் காட்டினார்கள். ரயில் தண்டவாளத்தையோ சுவர் மூலையையோ அதுவரை கண்ணால் கண்டிராத அவர்களும் நம்மைப் போலவே ஏமாந்தார்கள். 2015-ல் வெளியான இந்த ஆய்வு, பழக்கம்தான் காரணம் என்ற பழைய விளக்கத்தை நன்றாகவே ஆட்டிவிட்டது. உள்ளங்கை அளவுச் சீட்டில் இரண்டு கோடாக இருக்கும் படத்தின் பின்னால் இவ்வளவு பெரிய கேள்வி நிற்கிறது என்பதுதான் எனக்கு இந்தக் கட்டின் மேல் உள்ள பிரியத்துக்குக் காரணம்.

மூன்றாவது சீட்டு 'கஃபே வால்'. 1970-களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு காபிக் கடையின் சுவரில் பதித்த டைல்ஸ் வரிசைகள், ரிச்சர்ட் கிரிகரி என்ற உளவியலாளரின் ஆய்வுக்கூடத்தாருடைய கண்ணில் பட்டன. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கட்டங்கள், ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை கொஞ்சம் தள்ளிப் பதித்தவை. வரிசைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் சாந்துக் கோடு. அந்தக் கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையானவை. பார்த்தால் ஆப்பு வைத்ததுபோல ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் தெரியும்.

கும்பகோணத்தில் கொத்தனார் வேலை செய்யும் என் மாமாவிடம் இந்தச் சீட்டைக் கொடுத்தேன்.

"மாமா, இந்தக் கோடு சாய்வா இருக்கா, நேரா இருக்கா?"

"கண்ணு சாய்வுங்குது. கண்ண நம்பி எவன் சுவர் எழுப்புவான்? அந்த நூல எடு."

மட்டம் பார்க்கும் நூலை இரண்டு கட்டை விரலுக்கும் நடுவில் இழுத்துப் பிடித்து, சாந்துக் கோட்டின் மேல் வைத்தார். சீட்டை ஜன்னல் பக்கம் திருப்பி, அடுத்த கோட்டிலும் வைத்துப் பார்த்தார். "நேர்தான் மாப்ள. டைல்ஸ் ஒட்டுறவன் எவனும் இப்படிக் கட்டம் போட்டுடக் கூடாது. வீட்டுக்காரர் சம்பளத்தப் புடிச்சுக்குவாரு."

ரசமட்டமும் தூக்குக்குண்டும் மூலைமட்டமும் கொத்தனார் பையில் எதற்காக இருக்கின்றன என்பதை அவர் தொழிலில் என்றைக்கோ கற்றுக்கொண்டுவிட்டார். இந்தப் படத்தில் கவனிக்க வேண்டியது சாந்தின் நிறம். அது கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பலாக இருக்கும்போதுதான் சாய்வு பலமாகத் தெரியும். கோட்டின் ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையும் வரும் இடங்களில், எல்லை எங்கே என்பதில் பார்வைக்குச் சின்னச் சறுக்கல் வருகிறது. அந்தச் சறுக்கல்கள் வரிசையாகச் சேர்ந்து முழுக் கோட்டையும் சாய்த்துக் காட்டுகின்றன.

இதே கிரிகரிதான் மாயப்படங்களை நாலு வகையாகப் பிரித்தவர். அளவையோ வடிவத்தையோ நிறத்தையோ திரித்துக் காட்டுபவை, இரண்டு விதமாகப் பொருள் தருபவை, இருக்கவே முடியாத பொருளைக் காட்டுபவை, இல்லாததை இருப்பதாகக் காட்டுபவை. கட்டை வாங்கியதும் சீட்டுகளை இந்த நாலு குவியலாகப் பிரித்துப் போடுவது நல்ல பயிற்சி. இதுவரை பார்த்த மூன்றும் முதல் குவியலில் விழும். சில சீட்டுகள் எந்தக் குவியலிலும் அடங்காமல் முரண்டு பிடிக்கும். குழந்தைகளோடு உட்கார்ந்து பிரித்தால் அந்த முரண்டில்தான் நல்ல சண்டை வரும்.

முதல் குவியலிலேயே வைக்க வேண்டிய இன்னொன்று, எம்.ஐ.டி.யின் எட்வர்ட் ஏடல்சன் 1995-ல் உருவாக்கிய நிழல் விழுந்த சதுரங்கப் பலகை. பலகையின் மேல் ஓர் உருளை நிற்கும், அதன் நிழல் கட்டங்கள் மேல் விழுந்திருக்கும். நிழலுக்கு வெளியே உள்ள 'கறுப்பு'க் கட்டமும் நிழலுக்குள் உள்ள 'வெள்ளை'க் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல் நிறம். யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். பழைய விசிட்டிங் கார்டு ஒன்றில், அந்த இரண்டு கட்டம் வரும் இடத்தில் மட்டும் சின்ன ஓட்டைகள் போட்டு மேலே வைத்து மூடுங்கள். இரண்டு ஓட்டையிலும் ஒரே நிறம்.

காரணம் இதுதான். ஒரு பொருளிலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்பது மூளைக்கு முக்கியமில்லை, பொருளின் நிறம் என்ன என்பதுதான் முக்கியம். உச்சி வெயிலில் கிடக்கும் கரித்துண்டிலிருந்து வரும் ஒளி, வீட்டுக் கூடத்துக் கொடியில் தொங்கும் வெள்ளை வேட்டியிலிருந்து வருவதைவிட அதிகமாகவே இருக்கக்கூடும். அதற்காக வேட்டி நமக்குக் கறுப்பாகத் தெரிவதில்லை. நிழலில் இருக்கிறது என்று கழித்துக்கொண்டு வெள்ளை என்று மூளை சரியாகச் சொல்கிறது. சீட்டிலும் அதே கழித்தலைத்தான் செய்கிறது. கட்டு நல்ல கட்டா என்று சோதிக்கவும் இந்தச் சீட்டே உதவும். மட்டமான அச்சில் சாம்பல் நிறம் பிசகியிருந்தால் ஓட்டை வழியாகப் பார்க்கும்போது வித்தியாசம் தெரிந்துவிடும்.

இரண்டாவது குவியலுக்குத் தலைவர் வாத்து-முயல். 1892-ல் ஒரு ஜெர்மன் வாரப் பத்திரிகையில் வந்த படம். அலகாகத் தெரிவதே காதாகவும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது, மாறி மாறித்தான் பார்க்க முடியும். ஈஸ்டர் சமயத்தில் முயல் படம் எங்கும் தொங்கும் சூரிச் நகரில், ஈஸ்டர் அன்று கேட்டபோது அதிகம் பேர் முயல் என்றும், அக்டோபரில் கேட்டபோது அதிகம் பேர் பறவை என்றும் சொன்னதாக 1993-ல் ஓர் ஆய்வு வெளியானது. அறுவடை முடிந்த வயலில் ஆயிரக்கணக்கில் வாத்து மேய்வதைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகள் முதலில் எதைச் சொல்வார்கள்? வாத்துதான் என்பது என் ஊகம். சீட்டை நீட்டும்போது ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல் "இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள்.

இந்தக் கலையை நம் டெல்டாவின் சிற்பிகள் ஜெர்மன் பத்திரிகைக்குப் பல நூற்றாண்டுக்கு முன்னால் கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள். கும்பகோணத்தை ஒட்டியுள்ள தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே ரிஷபகுஞ்சரம் என்ற சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கம் காளையின் உடல், இன்னொரு பக்கம் யானையின் உடல், நடுவில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலை. காளையின் உடலைக் கையால் மறைத்தால் தலை யானையுடையது. யானையின் உடலை மறைத்தால் அதே தலை காளையுடையது. உடல்தான் துப்பு, துப்பு மாறினால் தலைக்குப் பொருளும் மாறுகிறது. கோயிலைச் சுற்றிக் காட்டுபவர்கள் இதை இப்படி மறைத்துத்தான் விளக்குவார்கள். ஒரு வாத்து-முயல் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் இந்தச் சிற்பத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் தாராசுரத்துச் சிற்பி ஒரு படி மேல், ஏனென்றால் வெறும் கோட்டில் இல்லாமல் புடைப்புக் கல்லில் இதைச் சாதித்திருக்கிறார்.

மூன்றாவது குவியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே புரியும். பென்ரோஸ் முக்கோணம் அதில் முக்கியமானது. ஒவ்வொரு மூலையும் தனியாகப் பார்த்தால் சரி, மூன்றையும் சேர்த்தால் அப்படி ஒரு பொருளைச் செய்யவே முடியாது. சுவீடன் ஓவியர் ஆஸ்கர் ரூட்டர்ஸ்வார்டு 1934-லேயே வரைந்தது. லயனல் பென்ரோசும் மகன் ரோஜரும் 1958-ல் கட்டுரையாக எழுதிப் பரவலாக்கினார்கள். அந்த மகன்தான் 2020-ல் இயற்பியல் நோபல் வாங்கிய ரோஜர் பென்ரோஸ். சீட்டை வைத்து இரண்டு மூலையை மட்டும் விட்டு மூன்றாவதை மறைத்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும்.

நாலாவதில் கனிட்சா முக்கோணம். இத்தாலியரான கயெட்டானோ கனிட்சா 1955-ல் வெளியிட்டது. ஒரு துண்டு வெட்டி எடுத்த கேக் மாதிரி மூன்று கறுப்பு வட்டங்கள். நடுவில் யாரும் வரையாத வெள்ளை முக்கோணம் ஒன்று பளிச்சென்று தெரியும். ஒரு வட்டத்தை மறைத்தால் முக்கோணமும் போய்விடும். 1870-ல் லுடிமர் ஹெர்மன் எழுதிய கட்டப் படமும் இதே குவியல். கறுப்புச் சதுரங்களுக்கு நடுவே வெள்ளைத் தெருக்கள், தெருக்கள் சந்திக்கும் முனைகளில் மங்கலான சாம்பல் புள்ளிகள். நேராகப் பார்த்தால் அந்தப் புள்ளி ஓடிவிடும். விழித்திரை செல்கள் ஒன்றையொன்று அடக்குவதால் வருவது என்று பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. ஆனால் தெருக்களைக் கொஞ்சம் வளைத்து வரைந்தால் புள்ளிகள் மறைந்துவிடுகின்றன, ஆகவே அந்த விளக்கம் மட்டும் போதாது என்று இப்போது தெரிந்திருக்கிறது.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமான சீட்டு சுமார் 63-க்கு 88 மில்லிமீட்டர்தான். அதனால் படம் சீட்டு முழுக்க அச்சான கட்டாகப் பாருங்கள். அசையாத படம் சுழல்வதுபோலத் தெரியும் வகைகளுக்குப் பெரிய அச்சு வேண்டும், சின்னச் சீட்டில் அவை சோபிப்பதில்லை. பளபளப்பு அதிகமான சீட்டில் டியூப் லைட் பட்டுக் கண் கூசும். பகல் வெளிச்சத்தில் பார்ப்பது உத்தமம். படத்தின் விடை அதே பக்கத்தில் அச்சாகியிருந்தால் குழந்தைகளிடம் காட்டும்போது கட்டை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.

கட்டு வாங்க முடியாவிட்டாலும் ஒரு மாயப்படத்தை வீட்டிலேயே செய்யலாம். ஜோசப் ஜாஸ்ட்ரோ என்ற அமெரிக்க உளவியலாளர் பெயரில் வழங்கும் படம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பை வைத்து ஒரு வளைவு வரையுங்கள். இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி, அதே மையத்தில் கிண்ணத்தை வைத்து இன்னொரு வளைவு. இரண்டு பக்கமும் மையத்தை நோக்கிச் சாய்வாகக் கோடு போட்டு, இரண்டு அட்டையையும் சேர்த்தே வெட்டுங்கள். சேர்த்து வெட்டியதால் இரண்டு துண்டும் அச்சாக ஒன்றுதான். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, வில் மேல்நோக்கி வளைந்தபடி, இடது முனைகளைச் சேர்த்து வையுங்கள். கீழே உள்ளது பெரிதாகத் தெரியும். இடம் மாற்றினால் இதுவரை சின்னதாக இருந்தது பெரிதாகிவிடும். இரண்டு துண்டுக்கும் வேறு வேறு வண்ணம் அடித்துவிட்டால், எது எங்கே போனது என்று பார்ப்பவருக்குக் குழப்பம் வராது.